கறி வாசனை பிடிக்காமல் போன பிரியாணிக்காரர்

ஊருக்கு எழுதும் கடிதங்களில் எனக்குப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், எக்ஸ்ரே பிரிவில் உத்தியோகம் என்று எழுதுவேன். அப்பா அந்தக் கடிதங்களைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுவார் என்று தெரியும். அதனால், காலை வேளைகளில் என் முக்கியமான வேலை கஞ்சி கலக்குவதுதான் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவேன்.

பேரியம் என்று ஒரு வெள்ளைப் பொடி. எக்ஸ்ரே அதை ஊடுருவாது. தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, வெறும் வயிற்றோடு வரும் நோயாளிக்கு ஒரு பெரிய கண்ணாடித் தம்ளர் நிறையக் கொடுப்போம். அது தொண்டையிலிருந்து இறங்கி இரைப்பையை நிரப்பும்போது, இரைப்பையின் உருவம் அப்படியே படத்தில் விழும். வயிற்றைத் திறக்காமல் உள்ளே பார்க்க எங்களுக்கு இருந்த வழி அதுதான். கலக்குவது நான். குடித்தவர்கள் முகம் சுளிக்கும்போது சமாதானம் சொல்வதும் நான். எடுத்த படங்களை இருட்டறையில் கழுவி, கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுவதும் நான்தான்.

எங்கள் டாக்டர் மயிலாப்பூர்க்காரர். ஒல்லியான மனிதர். இருட்டில் ஒளிரும் எக்ஸ்ரே திரையில் நோயாளியைப் பார்க்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்வார். கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்பதற்காக. அந்தச் சிவப்புக் கண்ணாடியோடும், முழங்கால் வரை தொங்கும் ஈய அங்கியோடும் வராந்தாவில் உலாத்திக்கொண்டே காப்பி குடிப்பார். புது நோயாளிகள் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அந்த ஐயாவுக்கு என்ன வியாதி?" என்று இரக்கத்தோடு விசாரிப்பார்கள்.

அவர் வயிற்று நோயாளிகள் எல்லோரிடமும் தவறாமல் இரண்டு கேள்விகள் கேட்பார். அஜீரணம் எப்போதிலிருந்து? முன்பு ஆசையாகச் சாப்பிட்ட எதுவாவது இப்போது பிடிக்காமல் போயிருக்கிறதா? கறி சாப்பிடுகிறவர் என்றால், கறி பிடிக்கிறதா என்று நேராகவே கேட்டுவிடுவார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "நாப்பது வயசுக்கு மேல ஒத்தனுக்குப் புதுசா அஜீரணம் வந்தா, படம் எடுக்காம மருந்து குடுக்கப்படாது. நாம பாக்கறச்சே முக்கால்வாசிப் பேருக்கு நேரம் போயிடறது."

நேரம் போய்விடுகிறது என்பது உண்மைதான். வயிற்றில் புற்று என்று எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் எலும்பும் தோலுமாகத்தான் வந்தார்கள். படத்தைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எனக்கே புரிந்துவிடும். அந்த மாதிரி நாட்களில் டாக்டர் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிடுவார்.

அப்போது நான் கல்யாணம் ஆகாதவன். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றை அறையில் குடியிருந்தேன். அடுத்த சந்தில்தான் பிரியாணிக்காரர் வீடு. எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. நாற்பத்தாறு வயது. நல்ல உயரம், அதற்கேற்ற வயிறு, அதற்கும் மேலான குரல். மயிலாப்பூர், ராயப்பேட்டை, தேனாம்பேட்டை வட்டாரத்தில் முஸ்லிம் கல்யாணம் என்றால் முதலில் அவருக்கு நாள் ஒழிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டில் தேதி வைப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். தனி ஆள் என்று என் மேல் அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு பரிவு. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு ஒரு தட்டு மூடி வந்துவிடும். அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாய் எவ்வளவு சத்தமோ, அக்கா அவ்வளவு அமைதி. ஆனால் வீட்டில் முடிவுகள் அந்த அமைதியிலிருந்துதான் வரும்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், தேனாம்பேட்டையில் ஒரு கல்யாணம். ரேஷன் காலம். கல்யாண விருந்துக்கு இத்தனை பேர்தான் என்று சர்க்கார் கட்டுப்பாடு வேறு. அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவனாக என்னையும் பாய் எப்படியோ சேர்த்துவிட்டிருந்தார். பகல் சாப்பாடு. முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது, உப்பு தூக்கலாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தண்ணீர் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் கேட்டார். பாயின் பிரியாணியில் உப்பு தப்பி நான் பார்த்ததே இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் சாக்கில் கொல்லைப் பக்கம் போனேன். அடுப்புகளும் பிரியாணி வேகும் பெரிய பெரிய தேக்சாக்களும் ஒரு மூலையில் இருந்தன. பாய் இன்னொரு மூலையில், வேப்பமரத்தடியில், ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஈரத்துண்டால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டியிருந்தார். பன்னீர் வாசனை அடித்தது.

"என்ன பாய், ஜலதோஷமா?"

"ஜலதோஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல நைனா." துண்டை ஒரு விரலால் கீழே இறக்கினார். "கறி வாசனை ஆவல. தேக்சாவத் தொறந்தா கொடலப் பொரட்டுது. ருசி பாக்கறதெல்லாம் இப்ப கையாளுதான். அவன் பாட்டுக்கு ரெண்டு தபா உப்பு போட்டுட்டான் போல கீது. சாப்ட்டவங்க இன்னா சொல்லிக்கினு கீறாங்க?"

"தண்ணி கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கறி வாசனையிலேயே வாழ்ந்த மனிதர், இரண்டு மாதமாக இந்தத் துண்டோடு சமைத்துக்கொண்டிருந்தார். சாப்பாடும் முன்போல் இல்லையாம். இரண்டு வாய் வைத்தால் வயிறு நிறைந்துவிடுகிறதாம். தெருக்கோடி டாக்டரிடம் போனாராம். "சோடா உப்பு குடுத்தாரு. நல்லா ஏப்பம் வந்துச்சு. அவ்ளோதான்."

அங்கே நின்றபடியே எனக்கு எங்கள் டாக்டரின் இரண்டு கேள்விகளும் காதில் கேட்டன. பாயிடம் எதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் நேராக அவர் வீட்டுக்குப் போய் அக்காவிடம்தான் சொன்னேன். படம் ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாம், கத்தி கிடையாது, வலி கிடையாது, ஒரு தம்ளர் கஞ்சி குடித்தால் போதும் என்றேன்.

பாய் உள்ளேயிருந்து, "அஜீரணத்துக்குப் போயி யாராவது போட்டோ புடிப்பாங்களா?" என்று சத்தம் போட்டார்.

அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. "நாளைக்கே இட்டுனு போ தம்பி. வெறும் வயித்தோட அனுப்பறேன்" என்றார்.

மறுநாள் காலை டிராமில் போனோம். வெறும் வயிறு என்றால் என்ன என்று பாய்க்கு அதுவரை தெரியாது போலிருக்கிறது. நாஷ்டா கடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டும்போதும் அந்தக் கடைக்காரரின் குறைகளை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

எக்ஸ்ரே அறையில் தம்ளரைக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கில் உருட்டினார். மற்ற நோயாளிகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார்கள். பாய் ருசி பார்த்தார்.

"யார் பண்ணது இது?"

"நான்தான்."

"சொவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி கீது நைனா. கரைக்கறதுக்கு முந்தி கொஞ்சம் ஏலக்கா தட்டிப் போட்டா இன்னா? ஆறின தண்ணில கரைக்காத, வெதுவெதுன்னு ஊத்து. கட்டியே தட்டாது."

சிவப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து டாக்டர் சிரித்துவிட்டார். விளக்கை அணைத்தோம். திரைக்குப் பின்னால் பாய் நின்றார். டாக்டர் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு மடக்காக விழுங்க, திரையில் கறுப்பாக ஒன்று இறங்கி, வளைந்து, பை போல நிறைந்தது. டாக்டர் தன் உள்ளங்கையால் பாயின் வயிற்றை மெதுவாக அழுத்தி அழுத்திப் பார்த்தார். இரைப்பை சும்மா இருக்காது. மேலிருந்து கீழே அலை அலையாகச் சுருங்கி, உணவைத் தள்ளும். அந்த அலை ஓடுவது திரையில் தெரியும்.

"மூச்சைப் பிடிச்சுண்டு நில்லுங்கோ பாய்." பிறகு தாழ்ந்த குரலில் என்னிடம், "இங்க பாரு. அலை மேலேர்ந்து வரது. இந்த இடத்துக்கு வந்ததும் காணாமப் போயி, கீழே மறுபடி கிளம்பறது. இந்தத் துளி இடம் மட்டும் வெறச்சுண்டு நிக்கறது."

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது அலையில்தான் தெரிந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். சுற்றிலும் எல்லாம் அசைய, அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி அசையாமல் நின்றது.

படங்களைக் கழுவி ஈரத்தோடே கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் நெடுநேரம் பார்த்தார். பத்து நாள் கழித்துத் திரும்பவும் வரச் சொன்னார். இரண்டாம் முறை நான் தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்துக் கரைத்திருந்தேன். உண்மையிலேயே கட்டி தட்டவில்லை. ஆனால் அலை அதே இடத்தில் நின்றது. டாக்டர் தானே எழுந்து, அறுவை வார்டுக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் நடையில் ஒரு வேகம் இருந்தது. அவ்வளவு சிறியதாக இருக்கும்போதே அதைப் பார்த்தது தன் அனுபவத்தில் மிகவும் அபூர்வம் என்றார். சர்ஜன் சொன்னது ஒரே வார்த்தை: எடுத்துவிடலாம்.

அதைப் பாயிடம் சொன்னதும் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "கத்தி வெச்சிட்டா முடிஞ்சிச்சு நைனா. எங்க சாச்சாவுக்கு வெச்சாங்க. மூணாம் நாளு பொணமா எடுத்தோம்." அதற்குமேல் அவரோடு பேச முடியவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா என் அறை வாசலுக்கே வந்துவிட்டார். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உள்ளே வராமல் நின்றபடியே கேட்டார்.

"தம்பி, மறைக்காம சொல்லு. அது புத்தா?"

"இருக்கலாம் அக்கா. வெட்டி எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியும்."

"வெட்டிக்கினு பொழச்சவங்க யாருனா கீறாங்களா? நீ உன் கண்ணால பாத்த ஆளு?"

நோயாளிகளை நான் பார்ப்பதெல்லாம் அவர்கள் வரும்போதுதான். போன பிறகு யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எக்ஸ்ரே அறைக்கு எப்படித் தெரியும்? "தேடிப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பழைய பதிவேடுகளைப் பிரித்தேன். வயிற்றில் கோளாறு தெரிந்து அறுவைக்குப் போனவர்களில், நான் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் மூன்று விலாசங்கள் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். முதல் வீடு தியாகராய நகரில். கதவைத் திறந்த அம்மாளின் நெற்றியைப் பார்த்ததும் நான் எதுவும் கேட்கவில்லை. விலாசம் தவறிவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது வீடு அபிராமபுரத்தில். அங்கே வேறு யாரோ குடியிருந்தார்கள். முன்பு இருந்தவர்கள் ஊரோடு போய்விட்டார்களாம். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மூன்றாவது விலாசம் அடையாற்றில், ஆற்றங்கரையில் சலவைத் தொழிலாளி ஒருவர். நாலு வருஷத்துக்கு முந்தைய பதிவு. போகாமலே திரும்பிவிடலாமா என்று பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அக்காவுக்குச் சொன்ன வார்த்தைக்காகத்தான் போனேன்.

கரையில் வெள்ளை வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. இடுப்பளவு தண்ணீரில் ஒல்லியான ஒருவர் துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக் கல்லில் அறைந்துகொண்டிருந்தார். பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லி, அவர் எங்கே இருப்பார் என்று கேட்டேன்.

"ஏன், இன்னா வோணும்?"

"அவரைப் பாக்கணும். முந்தி ஆஸ்பத்திரியில வயித்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டார்னு..."

"நான்தாம்பா அது." துணியைக் கல்லில் போட்டுவிட்டுக் கரையேறி வந்தார். நான் நம்பாதவன் போல நின்றிருக்க வேண்டும். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை ஓடிய தழும்பைத் தானே தொட்டுக் காட்டினார். "முக்காவாசி வயித்த அங்கியே உட்டுட்டு வந்துட்டேன். இன்னா, மறந்துட்டேன்னு எடுத்துக்கினு வந்தியா?"

ஆற்றங்கரையில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். நின்று, திரும்பவும் சிரித்தேன். அவரும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். பிறகு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அவ்ளோதானே? இட்டுனு வா அந்த ஆள. நான் பேசறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு பாய், அக்கா, நான் மூன்று பேரும் அடையாற்றுக்குப் போனோம். சும்மா ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் பாயை ஏற்றினோம். அவரும் ஒன்றும் தெரியாதவர்போல் ஏறினார்.

சலவைக்காரர் எங்களை உட்காரவைத்துவிட்டு, ஒரு சின்னக் கலயத்தில் கூழ் ஊற்றிக்கொண்டு வந்தார். "தப்பா நெனைக்காதீங்க பாய். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா இது உள்ள போயாவணும். வயிறு சின்னது, அதான் பல தபா."

பாய் கலயத்தை எட்டிப் பார்த்தார். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான். ஆனா நாலு வருசமா ஒரு நாளுகூட வேலைக்குப் போவாம இருந்ததில்ல. அந்தக் கல்லு கீது பாரு, அத்தக் கேளு."

"மீன் துன்றியா?"

"துன்றேன். ஒரே ஒரு துண்டு. மெல்ல மெல்ல, நல்லா மென்னு."

"ருசி தெரியுதா?"

"முன்னவிட நல்லாத் தெரியுது பாய். கொஞ்சமா துன்றவனுக்குத்தான் ருசி."

பாய் ஆற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அக்கா இதற்குள் சலவைக்காரரின் மனைவியோடு குடிசைக்குப் பின்னால் போய்விட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தவர் வண்டி பாலம் ஏறும்போதுதான் சொன்னார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

"அந்த ஆளு சொன்னத நம்பிட்டியா?" என்றார் பாய்.

"அவரு சொன்னத இல்ல. அவரு, இந்தத் தம்பி, டாக்டரு எல்லாரும் தைரியம் சொல்றவங்க. அந்தம்மாதான் கஷ்டத்தச் சொன்னா. மூணு மாசம் எயுந்து நிக்க முடியாதாம். துன்னா வேர்த்துக் கொட்டுமாம், மயக்கம் வருமாம். ஒரு தபா அவரு கலயத்தத் தூக்கி எறிஞ்சிட்டாராம். கஷ்டத்தச் சொன்னவ, அப்பால சரியாப் போச்சின்னும் சொன்னா. அத்த நான் நம்பறேன்."

கொஞ்ச தூரம் போனபிறகு பாய், "சரி, நோம்புக்கு முந்தி முடிஞ்சிடுமான்னு கேளு" என்றார்.

அறுவைக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். பாயின் கையாட்கள் ஐந்து பேரும் காலையிலேயே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஊசியைப் பார்த்ததும் அதில் மிகவும் பருமனானவன் மயங்கி விழுந்தான். பொருந்தியது இரண்டு பேர் ரத்தம்: என்னுடையது ஒன்று, உப்பை இரண்டு தடவை போட்ட அந்தக் கையாளுடையது ஒன்று.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று நான் எத்தனை தம்ளர் கலக்கினேன், யாருக்குக் கொடுத்தேன் என்று எதுவும் நினைவில்லை. இரண்டு படங்களை மருந்துத் தண்ணீரில் அளவுக்கு மேல் விட்டுக் கறுப்பாக்கிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. அவரும் அன்று இரண்டு முறை அறுவை அறைப் பக்கம் போய் வந்தார். அக்கா வராந்தாவில் ஒரு தூணோரமாக, உதடு மட்டும் அசைய, தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் சர்ஜன் வந்தார். கெட்ட இடத்தோடு சேர்த்து இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியைக் குடலோடு இணைத்திருப்பதாகச் சொன்னார். கல்லீரலைத் தடவிப் பார்த்ததில் சுத்தமாக இருந்ததாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

முதல் மூன்று நாள் பாய் பாயாகவே இல்லை. மூக்கில் குழாய், கையில் சலைன், குரலே கிடையாது. மூன்றாம் நாள் ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார்கள். நாலாம் நாள் இரண்டு கரண்டி. ஐந்தாம் நாள் நான் போனபோது சைகை காட்டிக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்தப் பையன் ரத்தமா எனக்கு ஏத்தினீங்க?"

"ஆமா பாய். ஏன்?"

"அதான். தண்ணிகூட உப்புப் பத்தலன்னு தோணுது."

வெளியே வந்து அக்காவிடம் இதைச் சொன்னேன். அறுவைக்கு முன்னாலும் அன்றும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அப்போதுதான் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாகக் குலுங்கினார்.

பரிசோதனை முடிவு இரண்டாவது வாரம் வந்தது. புற்றுதான். ஆனால் இரைப்பைச் சுவரின் உள்பக்கத்தோடு நின்றிருந்தது. சுற்றியிருந்த நிணநீர்க் கட்டிகள் ஒன்றிலும் இல்லை. டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அது சிவப்புக் கண்ணாடி இல்லை, சாதாரணக் கண்ணாடிதான். துடைக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

அதே வாரம் ஒரு மத்தியானம். எதிர்க் கட்டில்காரருக்கு வீட்டிலிருந்து அடுக்குக் கேரியரில் சாப்பாடு வந்தது. மூடியைத் திறந்ததும் வார்டு முழுக்க ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை. பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, மூக்கை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு பாத்திரத்தை எட்டிப் பிடிக்கலாமா என்று பார்த்தேன், குமட்டல் வருகிறதோ என்று.

"லவங்கம் ஜாஸ்தி" என்றார் பாய்.

எதிர்க் கட்டில்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"உங்க வூட்டாண்ட சொல்லுங்க. பட்டை போதும். லவங்கம் ரெண்டு கொறைக்கச் சொல்லுங்க. மத்தபடி ஜோரா கீது வாசனை."

அறுவை முடிந்த பிறகு நான் நிம்மதியாக மூச்சுவிட்டது அப்போதுதான் என்று சொல்ல வேண்டும்.

சலவைக்காரரின் மனைவி சொன்ன கஷ்டம் எதுவும் பொய்யில்லை. வீட்டுக்கு வந்த முதல் மாதங்களில் பாய் தவித்துப்போனார். சாப்பிட்ட கால் மணியில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்துப் படுத்துவிடுவார். ஒரு நாள் யாரோ கொண்டுவந்த அல்வாவை அக்காவுக்குத் தெரியாமல் இரண்டு விள்ளல் போட்டுக்கொண்டு, உலகமே சுற்றுகிறது என்று என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். இரைப்பை சின்னதாகிவிட்டதால் இனிப்பு தங்காமல் குடலுக்கு ஓடிவிடுகிறது, அதுதான் இந்த ஆட்டம் என்று சர்ஜன் விளக்கினார். கொஞ்சமாக, அடிக்கடி, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல், சாப்பிட்டபின் கொஞ்சம் சாய்ந்து படுத்து. இதைத்தான் ஆற்றங்கரையில் ஏற்கெனவே கேட்டிருந்தோம். ரத்தம் குறைந்துவிடாமலிருக்க மாதா மாதம் கல்லீரல் சத்து ஊசி போட்டார்கள். பாய்க்கு அது ஒன்றுதான் வேடிக்கையாக இருந்தது. "ஈரல வறுத்துத் துன்னாம ஊசில போட்டுக்கறானுங்க பாரு" என்பார்.

கலயத்தை யாரும் தூக்கி எறியவில்லை. ஆனால் ஒரு தட்டு எறியப்பட்டது என்று அக்கா பின்னால் சொன்னார்.

ஏழாவது மாதம், ராயப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் பாய் மறுபடியும் போனார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. பழைய ஜிப்பாவுக்குள் இரண்டு பாய் நிற்கலாம். மூட்டை தூக்குவது, கிளறுவதெல்லாம் கையாட்கள். அவர் நாற்காலியைத் தேக்சாவுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தம்முக்காக ஒட்டியிருந்த மாவை உடைத்து மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அரைக் கரண்டி எடுத்து, நாக்கில் வைத்து, நெடுநேரம் மென்றார். ஐந்து கையாட்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எறக்கு" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாப்பாட்டில் யாரும் அதிகத் தண்ணீர் கேட்கவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

இதற்குள் பாய்க்கும் சலவைக்காரருக்கும் நல்ல சிநேகம் ஆகிவிட்டது. பாயின் ஜிப்பாக்கள் அடையாற்றுக்கு வெளுக்கப் போயின. கல்யாணம் நடந்த மறுநாள் அங்கே ஒரு சின்னத் தூக்குப் பாத்திரம் போகும். மிகச் சின்னது. "அதுக்கு மேல அவனுக்கும் தாங்காது, எனக்கும் தாங்காது" என்பார் பாய். சர்ஜன் ஒரு முறை, அறுவைக்குப் பயந்த கோடம்பாக்கத்துக்காரர் ஒருவரைப் பாய் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். பாய் அவரைத் தன் முன்னால் உட்காரவைத்துவிட்டு, "நான் இன்னா சொன்னாலும் நம்பாதீங்க. உங்க வூட்டம்மாவ உள்ள அனுப்புங்க, எங்க வூட்ல பேசட்டும்" என்றாராம்.

ஒரு வருஷம் முடிந்ததும் பாயைத் திரும்பப் படத்துக்கு வரச் சொன்னார்கள். அக்காவும் கூட வந்தார். அதே திரை, அதே இருட்டு. நான் கலக்கிய கஞ்சி சின்னப் பைக்குள் இறங்கி, ஒரு நொடி நின்று, குடலுக்குள் வழுக்கிப் போயிற்று. டாக்டர் மேலும் கீழும் அழுத்திப் பார்த்தார். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

"சார், இன்னா கீது உள்ள?" என்றார் பாய்.

"ஒண்ணும் இல்லை பாய்."

"ஒண்ணும் இல்லன்னா? கொஞ்சமாவது வயிறு உட்டு வெச்சாங்களே, அதுவும் இல்லியா?"

டாக்டர் விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, ஈய அங்கியோடேயே ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். வெளியே அக்கா கதவோரம் காத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய்ச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு உடனே கேரியரைத் திறக்க ஆரம்பித்துவிட்டார். காலையிலிருந்து பாய் எதுவும் சாப்பிடவில்லையே. வராந்தாவிலேயே விரித்து உட்கார்ந்தோம். கேரியரில் பாய்க்கு இரண்டு இட்லி, மற்ற நாலு அடுக்கிலும் எங்களுக்கு. பாய் அரை இட்லியை முடிப்பதற்குள் நான் ஒரு அடுக்கைக் காலி செய்திருந்தேன். "மென்னு துன்னு நைனா, டிராம் புடிக்கவா போற?" என்று அவர் அதட்ட, சிவப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்த டாக்டர், தனக்கும் ஒரு இட்லி கிடைக்குமா என்று கேட்டார்.